ஏழு பிட் கெட்டாலும் கெடாத செய்தி

1971 நவம்பர் 14 அன்று மாரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. பூமி அல்லாத இன்னொரு கோளைச் சுற்றிய முதல் விண்கலம் அதுதான். போய்ச் சேர்ந்த வேளையில் கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடிக்கிடந்தது. புழுதி அடங்கியதும் எரிமலைகளும் மாபெரும் பள்ளத்தாக்கும் படங்களில் தெரிந்தன. மொத்தம் 7,329 படங்கள். அவை பூமிக்கு வந்து சேர்ந்த விதமும் அதே அளவுக்கு வியப்பானது.

கோடிக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் மெலிந்த சமிக்ஞையில் இரைச்சல் கலந்துவிடும். 0 என்று அனுப்பியது 1 ஆக வரும், 1 என்பது 0 ஆகும். எந்த பிட் கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

மாரினர் தன் தகவலை ஆறு ஆறு பிட்டாகப் பிரித்து அனுப்பியது. ஒவ்வொரு பிட்டையும் ஐந்து தடவை திரும்பச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அதற்கு 30 பிட் செலவாகும். ஆனால் ஒரே பிட்டின் ஐந்து நகல்களில் மூன்று கெட்டாலே பெரும்பான்மை தவறான பக்கம் சாய்ந்துவிடும். இன்னும் இரண்டே பிட் கூட்டி, 32 பிட்டில் மாரினர் செய்தது எவ்வளவோ மேல். ஆறு பிட்டில் 64 விதத் துண்டுகள்தான் அமையும். அவை ஒவ்வொன்றுக்கும் 32 பிட் நீளத்தில் ஒரு குறியீடு. எந்த இரண்டு குறியீடுகளை ஒப்பிட்டாலும் குறைந்தது 16 இடங்களில் வேறுபடும். வழியில் எந்த 7 பிட் மாறினாலும், வந்து சேர்ந்தது தன் மூலக் குறியீட்டிலிருந்து 7 இடங்களில்தான் மாறியிருக்கும். மற்ற 63லிருந்தும் குறைந்தது 9 இடங்களில் மாறியிருக்கும். ஆகவே மிக நெருங்கியதைத் தேர்ந்தால் போதும், பிழை தானே திருந்திவிடும். திரும்பக் கேட்க வேண்டியதே இல்லை. 1954இல் டேவிட் முல்லரும் இர்விங் ரீடும் வகுத்த கணிதம் இது.

இதற்கெல்லாம் துணிவு தந்தவர் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன். இரைச்சலுள்ள தடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்திறன் உண்டு, அதற்குட்பட்ட வேகத்தில் அனுப்பினால் பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைக்கலாம் என்று 1948இல் நிறுவினார். அத்தகைய குறியீடுகள் இருந்தே தீரும் என்று காட்டினாரே தவிர, அவற்றைக் கட்டும் வழியை அவர் தரவில்லை. நடைமுறைக்கு ஏற்ற குறியீடுகள் அந்த எல்லையை நெருங்க 1990கள் வரை ஆயிற்று.

ரீடு அதோடு நிற்கவில்லை. கஸ்டவ் சாலமனுடன் சேர்ந்து 1960இல் இன்னொரு குறியீட்டைத் தந்தார். கடைகளில் பணம் செலுத்த நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்துக்குள் இருப்பது அதுதான். அதன் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில், குறியீட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் தகவல் முழுதாகக் கிடைத்துவிடும்.