காதுக்குள்ள தொப்பி கேட்குதா?

"அக்கா, ஃபோனுக்கு எந்த இயர்பட்ஸ் வாங்கலாம்?" நமக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. மாடல் பெயர் சொல்லிடலாம். ஆனா என் காதில் நல்லா இருக்கிறது உங்க காதில் வேற மாதிரி கேட்கும். அதனால நான் எப்படிச் சோதிக்கிறேன்னு சொல்றேன். ரிட்டர்ன் பண்ண நாள் இருக்கும்போதே வீட்டில் செஞ்சு பாருங்க.

முதல் சோதனை, மிருதங்கம். ஏதாவது ஒரு தனி ஆவர்த்தனம் போடுங்க. சனிக்கிழமை மிருதங்க கிளாஸுக்குப் போனவங்களுக்குத் தெரியும்: வலந்தலை கணீர்னு சுருதி சேர்ந்து ஒலிக்கும். இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதால் கும்முனு இறங்கும். (இந்த மாதிரி தோல் வாத்தியங்களில் சுருதி எப்படிச் சேருதுன்னு சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கார்.) வலந்தலை தெளிவா இருக்கு, தொப்பியைக் காணோம் என்றால், உடனே இயர்பட்ஸைக் குறை சொல்லாதீங்க. பெரும்பாலும் சிலிகோன் டிப் காதைச் சரியா அடைக்கலைன்னு அர்த்தம். இடைவெளி இருந்தா முதலில் கசிவது பேஸ்தான். பெட்டியில் இருக்கும் வேற சைஸ் டிப்பை மாத்துங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் பொருந்தணும்னு இல்லை.

அடுத்தது, வால்யூம். 1933-ல் பெல் லேப்ஸ் ஆய்வாளர்கள் ஃபிளெட்சர், மன்சன் ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை அளந்து காட்டினாங்க: சத்தம் குறையக் குறைய, நம்ம காதுக்குப் பேஸ் ரொம்ப வேகமா மங்கிடும். அதனால ரெண்டு இயர்பட்ஸை ஒப்பிடும்போது, கொஞ்சம் சத்தமா இருக்கிறதுதான் 'செம்ம'ன்னு தோணும். முதலில் ஒரு பாட்காஸ்ட் குரல் ரெண்டிலும் ஒரே அளவு கேட்கிற மாதிரி வால்யூமை வைங்க. அப்புறம் பாட்டுக்குப் போங்க.

கடைசியா, ரயில். அமைதியான அறையில் எந்த இயர்பட்ஸும் சமாளிச்சிடும். பார்ட் ரயில் வளைகுடாவுக்கு அடியில் போகும்போது கை தானா வால்யூமை ஏத்தும். டெக்சாஸ் மக்களுக்கு ஜிம்மோ, புல் வெட்டும் மெஷினோ அதே வேலையைச் செய்யும். பெரியவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் வெறும் 5. தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி ரயிலில் பாட்டு கேட்டா, அஞ்சு நாளில் 10 மணி ஆச்சு. அப்போ 86-ஐத் தாண்டக் கூடாது.

இங்கேதான் டிப் மறுபடி முக்கியம். நாய்ஸ் கேன்சலிங் ரயிலின் தொடர்ந்த உறுமலை நல்லாக் குறைக்கும். பக்கத்து சீட் பேச்சு, பிரேக் கீச்சல் மாதிரி கூர்மையான சத்தத்தைத் தடுப்பதில் டிப்புக்குத்தான் பெரிய பங்கு. ரெண்டும் சேர்ந்தா வால்யூம் தானா இறங்கும்.

அதனால என் தீர்ப்பு இப்படி: சத்தமான இடத்தில் எதைப் போட்டா குறைஞ்ச வால்யூமில் பேச்சு புரியுதோ, அதை வாங்குங்க. விலை அதுக்கப்புறம். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச்செல்கள் செத்தா மனுஷங்களுக்குத் திரும்ப முளைக்காது.

ஐஃபோன் வெச்சிருந்தா ஹெல்த் ஆப்பில் 'ஹெட்ஃபோன் ஆடியோ லெவல்ஸ்' திறந்து பாருங்க. போன வாரம் உங்க அளவு என்னன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.