ஏடு பெயர்த்தலும் மின்னேடும்

ஓலைச்சுவடிக் காலத்திலே ஒரு நூல் வாழ்வதும் மறைவதும் ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் இருந்தன. அச்சு வந்தபின் அக்கவலை ஒழிந்ததென்றே பலரும் எண்ணினர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஊர்களிலே கடல் புகுந்து, உயிர்களோடு வீட்டு அலமாரிகளையும் கொண்டு சென்றது. உயிரிழப்பின் முன் ஏட்டிழப்பு எம்மாத்திரம் என்பீர்கள். உண்மையே. ஆயினும், சில நூறு படிகளே அச்சிடப்பெற்று மறுபதிப்புக் காணாத நூலுக்கு ஓர் அலமாரி அழிவதும் சிறிய நட்டமன்று.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து நூல்களுக்கென எழுந்த 'நூலகம்' இணையத்தளமும் அவ்வச்சத்தைப் பெரிதும் தணித்துள்ளன. அவற்றிலிருந்து கணினிக்கு இறக்கிய நூலைக் கைக்கருவிக்கு மாற்றும் வகையை மாணவர் பலர் என்னிடம் வினவுகின்றனர். மாற்றுதல் எளிது. 'டெப்' எனப்படும் பலகைக் கணினியை வயரால் இணைத்து, அதன் திரையிலே கோப்புப் பரிமாற்றத்தைத் தெரிந்து (தெரியாவிடின் மின்னேற்றம் மட்டுமே நிகழும்), நூலைப் படியெடுத்தால் முடிந்தது. கிண்டில் கருவிக்கு ஈபப் கோப்பை வயர்வழி ஏற்றினால் அது திறவாது. 'காலிபர்' என்னும் இலவச மென்பொருளால் அதற்குரிய வடிவாக்கியே ஏற்றல் வேண்டும். கோபோ கருவிக்கு இத்தொல்லை இல்லை. அமேசானில் விலைகொடுத்து வாங்கிய கிண்டில் நூலைக் கணினிக்கு இறக்கி வயர்வழி ஏற்றும் வசதியையோ அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. காசு கொடுத்தவனுக்கு அடைபட்ட கதவு இலவச நூல் படிப்பவனுக்குத் திறந்திருப்பது வேடிக்கைதான்!

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. மதுரைத் திட்டத்து நூல்களிற் பெரும்பாலானவை தட்டெழுதிய எழுத்துகள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே ஒழுங்காகும். 'நூலக'த்து நூல்களிற் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். பதினான்கு சதமமீற்றர் அகலமுள்ள அச்சுப் பக்கம், ஆறங்குல மின்வாசிப்பானின் ஒன்பது சதமமீற்றர்த் திரையிலே மூன்றில் இரண்டாகச் சுருங்குகிறது. அடிக்குறிப்புகள் எறும்பு வரிசையாகின்றன. நான் கண்ட வழி இது: வெற்று ஓரங்களை வெட்டிவிட்டுக் கருவியைக் கிடையாகத் திருப்பினால், அரைப்பக்கம் வீதம், ஏறத்தாழ மூல அளவிலேயே எழுத்துத் தெரியும். அட்டவணைகளும் யாழின் உருவங்களும் நிறைந்த நூலுக்குப் பத்தங்குல டெப்பே ஏற்றது. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை (1947) நான் அதிலேதான் படிக்கிறேன்.

எம்மவர் பலர் தட்டெழுதி வைத்திருக்கும் கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவை பாமினி எழுத்துருவில் அமைந்தவை. கணினியில் அழகிய தமிழாய்த் தோன்றியது வாசிப்பானில் ஆங்கில எழுத்துக் குவியலாய்ச் சிதறும். ஏனெனில் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியே. தமிழ் அதன்மேற் போர்த்திய உருவம். எனவே முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன.

எஞ்சுவது படங்களை எழுத்தாக்கும் பணி. எழுத்துணரி மென்பொருள்கள் உண்டு; ஆனால் அவை ரகரத்தையும் துணைக்காலையும் மயங்கிக் கொள்வன. பழைய அச்சில் 'னை', 'லை' முதலியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் வருமிடங்களிலும் அவை தடுமாறும். ஆகவே மூலத்தோடு ஒப்புநோக்கும் மனிதக்கண் இன்றியமையாதது. இதற்குப் பாடசாலையினும் தக்க இடம் யாது? ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துத் திருத்தலாம். வாழும் எழுத்தாளரிடம் முன்னரே இசைவு பெறுதல் வேண்டும். 1947இல் மறைந்த அடிகளாரின் ஆக்கங்களுக்கு அத்தடையும் இல்லை. அவருடைய சிறு கட்டுரை ஒன்றில் இப்பணியைத் தொடங்கலாம். செய்யுளாயின் அடிப்பிரிப்பைக் காத்துக்கொள்க: எழுத்தைப் பெரிதாக்குங்கால் வெண்பாவின் நாற்சீரடி முறிந்து அடுத்த வரியில் விழும். அப்பக்கங்களுக்கு மட்டும் படத்தையும் உடன் வைத்தல் நலம்.