பற்சுகாதாரப் படிப்பு: சான்றிதழ் வேறு, பதிவு வேறு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் நம் சங்கத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். "டாக்டர் படிப்புக்கு இடமும் கிடையாது, பணமும் கிடையாது, சீக்கிரம் ஒரு வேலையில் அமரத்தக்க படிப்பு ஏதேனும் உண்டா?" என்பதே அது. அவர்களுள் சிலருக்கேனும் பயன்படுமென்று கருதி, டெண்டல் ஹைஜீனிஸ்ட் எனப்படும் பற்சுகாதாரப் பணியாளர் தொழிலைப் பற்றி இங்கே எழுதுகின்றோம்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய மரபு நம்முடையது. ஆயினும் பல்லிடுக்கில் படியும் படலம், உமிழ்நீரிலுள்ள தாதுக்களோடு சேர்ந்து நாளடைவில் காரையாக இறுகிவிட்டால், பின்னர் எவ்வளவு துலக்கினும் போவதில்லை. அதை அகற்றாவிடில் ஈறு வீங்கி இரத்தம் கசியும். காலப்போக்கில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சொத்தையில்லாத பல்லும் ஆட்டங்கண்டு விழும். அந்தக் காரையைக் கருவி கொண்டு நீக்கி, பல்லை மெருகிட்டு, வாயைப் பேணும் முறையையும் சொல்லிக்கொடுப்பவரே ஹைஜீனிஸ்ட். பல்லைப் பிடுங்குவதும் சொத்தையை அடைப்பதும் அவர் வேலையல்ல. பல் மருத்துவரின் மேற்பார்வையில் பணி புரிபவர் அவர்.

இத்தொழில் அமெரிக்காவில் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர், தம்மிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்கு 1906இல் இப்பணியைக் கற்பித்தார். 1913இல் இதற்கென ஒரு பள்ளியும் தொடங்கினார். 1917இல் அப்பெண்மணியே முதல் உரிமம் பெற்றார்.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று நடைமுறைக்கு வந்த பல் மருத்துவர் சட்டம், மருத்துவருக்கும், ஹைஜீனிஸ்டுக்கும், பல்செட் செய்யும் மெக்கானிக்குக்கும் தனித்தனிப் பதிவேடுகளை வகுத்தது. 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. அக்கவுன்சிலின் விதிப்படி ஹைஜீனிஸ்ட் படிப்பு இரண்டு ஆண்டுகள். பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய பாடங்களுடன் பிளஸ் டூ தேறியிருத்தல் வேண்டும். பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட நம்மைப் போன்றோருக்கு அக்கதவு திறவாது. நம் பிள்ளைகளுக்குத் திறக்கும்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு ஓர் அனுகூலமுண்டு. 1959இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரியும், பாராமெடிக்கல் டிப்ளமோ விண்ணப்பங்களைப் பெறும் எல்.பி.எஸ். மையமும், பதிவு செய்யும் கேரள பல் மருத்துவக் கவுன்சிலும் இந்நகரிலேயே உள்ளன. ஐயம் எழுந்தால் நேரிற்சென்று கேட்கலாம்.

அவ்வாறு கேளாததால் நேர்ந்த ஒன்றை நாம் அறிவோம். நமக்குப் பழக்கமான ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், விளம்பரத்தை நம்பி ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தாள். தந்தை கடன்பட்டுப் பணம் கட்டினார். படிப்பு முடிந்து, அழகிய சான்றிதழும் கைக்கு வந்தது. பதிவுக்குச் சென்றபோதுதான் அந்நிலையம் அங்கீகாரம் பெற்றதன்று என்பது தெரிந்தது. இரண்டாண்டும் போயின, கடன் மட்டும் நின்றது. கையில் டிக்கெட்டிருந்தும் பட்டியலில் பெயர் ஏறாத பிரயாணி படும் பாட்டை ரெயில்வேயில் நாம் நாள்தோறும் காண்கின்றோம். அந்தப் பெண்ணின் நிலையும் அதுவே.

ஆகவே பணம் கட்டுமுன் பெற்றோர் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, அந்நிலையத்துக்கு இப்படிப்பை நடத்தும் அங்கீகாரம் உண்டா என்பதைக் கவுன்சிலிலேயே விசாரித்தறிதல். நிலையத்தாரின் வாய்ச்சொல் போதாது. இரண்டாவது, சேர்க்கைக்கான விளக்கக் கையேட்டில் கேரளத்தவர் எனக் கருதப்படுவோர் யாவர் என்ற பகுதியை ஊன்றிப் படித்தல். பிழைப்புத் தேடி வந்த நம்மவர் தடுக்கி விழும் இடம் இதுவே. மூன்றாவது, பிறப்பிடம், வசிப்பிடம், சாதி பற்றிய சான்றிதழ்களில் தேவையானவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்தல். 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருப்பதால், சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள விதி எதுவென்பதையும் கேட்டறிதல் நலம்.

வெளிநாட்டு ஆசையுடையோருக்கு ஒரு சொல். இங்குப் பெற்ற பதிவு அங்கே தானாகச் செல்லுபடியாகாது. அமெரிக்காவில் அங்கீகாரமுள்ள கல்லூரிப் படிப்பும், தேசியத் தேர்வும், அந்தந்த மாநில உரிமமும் தேவை. "இங்கே படித்தால் அங்கே வேலை நிச்சயம்" என்று கூறுவோரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட கையேடு புரியாவிடில் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். நாம் சேர்ந்து படிப்போம். கையெழுத்திடுவதும் பணம் கட்டுவதும் அதன் பின்னர் ஆகட்டும்.