லைடன் தீவில் இருந்து ஓர் உலக அல்பம்

முத்திரை சொல்லும் சேதி – 9

1935இல் இலங்கையில் வெளியான மூன்று சத முத்திரையில் சிவனொளிபாதமலை இருக்கிறது. கூடவே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. அந்த மலையைச் சூழ்ந்த காடு, மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக, யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது 2010இல். முத்திரை வந்து 75 ஆண்டுகள் கழித்துத்தான் பட்டியல் அந்த மலைக்கு வந்து சேர்ந்தது. அதே 1935 வரிசையில் கண்டி தலதா மாளிகை உண்டு. கண்டி நகரம் பட்டியலில் இடம்பெற்றது 1988இல். 1938இல் ஆறாம் ஜோர்ஜ் காலத்துப் பத்துச் சத முத்திரையில் சிகிரியா வந்தது. சிகிரியாவுக்கு உலக அங்கீகாரம் 1982இல்.

உலக மரபுரிமை உடன்படிக்கை 1972இல் பிறந்தது. முதல் 12 இடங்கள் 1978இல் சேர்க்கப்பட்டன. அப்படியானால், அதற்கு முன்பு வெளியான முத்திரைகளை ‘உலக மரபுரிமை’ அல்பத்தில் ஒட்டலாமா? சேகரிப்பாளர்களிடையே இது ஓயாத வழக்கு. பட்டியலில் ஏறிய பிறகு வந்தது மட்டும்தான் கணக்கு என்கிறார்கள் கறாரானவர்கள். யுனெஸ்கோவின் சின்னம் பொறித்தது மட்டும் என்று இன்னும் இறுக்குகிறவர்களும் உண்டு. இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் அல்பம் சுத்தமாக இருக்கும். ஆனால் சுவையான பாதி வெளியே போய்விடும்.

இந்தியாவைப் பாருங்கள். 1949 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திர இந்தியா தன் தொல்லியல் வரிசையை வெளியிட்டது. அஜந்தா யானை, கொனாரக் குதிரை, எலிபண்டா திரிமூர்த்தி, சாஞ்சி, புத்தகயா, கஜுராஹோ, சித்தோர்க் கோட்டை, செங்கோட்டை, தாஜ்மகால், குதுப்மினார் எல்லாம் அந்த ஒரே வரிசையில் உண்டு. இத்தனையும் பிற்பாடு ஒவ்வொன்றாக யுனெஸ்கோ பட்டியலுக்குப் போயின: அஜந்தாவும் தாஜ்மகாலும் 1983இல், சித்தோர் 2013இல். எதை உலகுக்குக் காட்டுவது என்று டில்லியில் இருந்த யாரோ முப்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள். அந்த வரிசையில் ஒரு சறுக்கலும் உண்டு. ஓர் அணா முத்திரையில் போதிசத்துவரின் படம் இடவலம் மாறி அச்சாகி, நீட்டிய கை இடக்கையாகிவிட்டது. 1950இல் திருத்திய பதிப்பு வந்தது. இரண்டையும் அருகருகே ஒட்டிவைப்பது சேகரிப்பாளருக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, இதற்கும் யாழ்ப்பாணத் தீவகத்து ஊரான சுருவிலுக்கும் என்ன தொடர்பு?

சுருவில் இருப்பது வேலணைத் தீவில். ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் லைடன். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தவர்கள், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது, அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடெல்பர்க், எழுவைதீவு ஹூர்ன். நெடுந்தீவின் டெல்ப்ட் மட்டும் இன்றும் ஆங்கில வரைபடங்களில் உறுதியாக நிற்கிறது. ஆகவே சுருவிலில் ஒரு மாணவர் மரபுரிமை அல்பம் தொடங்கினால், யுனெஸ்கோவின் அகரவரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. தீவுகளின் பழைய பெயர்ப் பலகையே அவருக்கு வழிகாட்டும்.

அந்தப் பெயர்களுக்குரிய நெதர்லாந்து நகரங்களில் அம்ஸ்டர்டாமின் 17ஆம் நூற்றாண்டுக் கால்வாய் வட்டம் 2010இல் பட்டியலில் ஏறியது. ரொட்டர்டாமின் வான் நெல்லே தொழிற்சாலை 2014இல். லைடனுக்கும் பங்குண்டு: றோமப் பேரரசின் வட எல்லைக் காவலரண்களின் வரிசை 2021இல் சேர்ந்தபோது, லைடன் நகருக்குள் இருக்கும் பழைய கோட்டைத் தடமும் அதில் ஒன்றானது. அங்கிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழியைத் தொடர்ந்தால் காலி (1988), கரீபியன் கடலில் வில்லெம்ஸ்டாட் (1997), தென் அமெரிக்காவில் பரமாரிபோ (2002), மலேசியாவில் மலாக்கா (2008) என்று பக்கங்கள் விரியும். 1640இல் காலி, 1641இல் மலாக்கா, 1658இல் யாழ்ப்பாணம் மூன்றும் ஒல்லாந்தரின் ஒரே வணிகக் கொம்பனி பிடித்த இடங்கள். முத்திரை அல்பம் என்பது இங்கே சரித்திரப் பாடமாகவே மாறிவிடுகிறது. பள்ளிப் புத்தகம் இத்தனை ஊர்களை ஒரே கோட்டில் கோத்துக் காட்டுவதில்லை.

முத்திரைகள் எப்படிக் கிடைக்கும்? தீவகத்தில் ஒருகாலத்தில் இது கேள்வியே அல்ல. போரால் ஊர்கள் வெறுமையாகி, பிள்ளைகள் கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே என்று சிதறிய ஆண்டுகளில், அந்த நாடுகளின் முத்திரைகள் கடித உறைகளில் வீட்டுக்கு வீடு வந்தன. பிரான்ஸ் 1930ஆம் ஆண்டளவிலேயே மோன் சென் மிஷேல் மடத்தை முத்திரையில் போட்ட நாடு; அந்த மடம் பட்டியலில் ஏறியது 1979இல். இப்போது அந்தக் கடிதங்களின் இடத்தை வட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. இயந்திரத்தில் அச்சிட்ட கட்டணச் சீட்டோடுதான் பொதிகள் வருகின்றன. முத்திரை சேர்ப்பவருக்கு இது மெய்யான பஞ்சகாலம்.

கனடாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கதையை விட முடியாது. அந்த நாட்டின் தபால் சேவை தன் மரபுரிமை இடங்களை வரிசையாக முத்திரைகளில் வெளியிட்டது. 2015இல் அல்பேர்ட்டா மாகாணத்தின் டைனசோர் பூங்காவுக்கு ஒரு முத்திரை. படத்தில் இருந்த விசித்திரமான மண்தூண்கள் அந்தப் பூங்காவினுடையவை அல்ல, டிரம்ஹெல்லர் என்ற வேறிடத்தில் இருப்பவை என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். முத்திரை மீளப்பெறப்பட்டு, சரியான படத்தோடு வேறொன்று வந்தது.

அமெரிக்கா செய்தது இதைவிடப் பெரிய கூத்து. சுதந்திர தேவி சிலை 1984 முதல் உலக மரபுரிமை. 2010 முடிவில் வெளியிட்ட முத்திரையில் அதன் முகத்தை நெருக்கமாகக் காட்டினார்கள். அது நியூயோர்க் சிலை அல்ல. லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றின் முன்னால் நிற்கும் நகல் என்பது 2011இல் அம்பலமானது. நகலைச் செய்த சிற்பி வழக்குப் போட்டார். 2018இல் நீதிமன்றம் அவருக்குச் சுமார் 35 இலட்சம் டொலர் கொடுக்கச் சொன்னது. இந்த முத்திரையை மரபுரிமை அல்பத்தில் ஒட்டலாமா என்று கேட்டால், கட்டாயம் ஒட்ட வேண்டும். கீழே உண்மையையும் எழுதி.

ஐக்கிய நாடுகள் சபையே முத்திரை வெளியிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1951இல் தொடங்கிய அந்தச் சேவைக்கு நியூயோர்க், ஜெனீவா, வியன்னா என மூன்று தபாலகங்கள். டொலர், சுவிஸ் பிராங்க், யூரோ என மூன்று நாணயங்கள். மரபுரிமை வரிசைகள் அங்கிருந்து அடிக்கடி வரும். 2014இல் தாஜ்மகால் வந்தது. அந்த முத்திரைகளை அந்த அலுவலகங்களில் இருந்து அனுப்பும் தபாலில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆகவே தபாலில் ஓடிவந்த உறை கிடைத்தால் பத்திரப்படுத்துவது நல்லது.

விலை மலிவாகக் குவியும் பளபளப்பான முத்திரைகளில் கவனம் தேவை. ஒரு நாட்டின் பெயரைப் போட்டு, அந்த நாட்டுத் தபாலகமே அறியாமல் யாரோ அச்சிடும் போலி வெளியீடுகள் சந்தையில் ஏராளம். மரபுரிமை இடங்களின் படம் அவர்களுக்குக் கண்ணைக் கவரும் சரக்கு. 2002 முதல் அனைத்துலகத் தபால் ஒன்றியம், உறுப்பு நாடுகள் முறைப்படி பதிவுசெய்யும் முத்திரைகளுக்கு எண் கொடுத்து வருகிறது. அதற்குப் பின் வந்ததாகச் சொல்லப்படும் முத்திரையை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் சோதனை.

தீவகத்தில் இன்னொரு எதிரி காற்று. வாடை வீசும் மாரியில் ஈரம் அல்பத்துக்குள் புகுந்து, பின்பக்கப் பசை தாளோடு ஒட்டிவிடும். பழுப்புப் புள்ளிகள் பூக்கும். பசை கலையாத புது முத்திரையை ஒளிபுகும் தாள் உறையில் போட்டு, மூடி இறுகிய தகரப் பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். அல்பத்தைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றக்கூடாது, நிமிர்த்தி வைக்கலாம். பாவித்த முத்திரையை உறையோடு வெட்டி, குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, தானாகக் கழன்றதும் முகம் கீழாக உலர்த்தினால் போதும். விரலால் உரித்தவர் யாரும் மகிழ்ந்ததில்லை.

கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம். இலங்கையின் உலக மரபுரிமை இடங்கள் எட்டு; வட மாகாணத்தில் ஒன்றும் இல்லை. வடக்கு நோக்கிப் போனால் பட்டியல் அநுராதபுரத்தோடு நின்றுவிடுகிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை, நெடுந்தீவின் பவளக்கல் கோட்டை, நயினாதீவில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு எதுவும் அதில் இல்லை. அந்தக் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டினது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மற்றது உடையவனுக்கு; வணிகக் கப்பல் என்றால் பாதிப்பாதி என்று சட்டம் சொல்லும் கல் அது. வெளிநாட்டார் முதலில் வந்திறங்க வேண்டிய துறையாக அதில் குறிக்கப்படுவது ஊராத்துறை, இன்றைய ஊர்காவற்றுறை. யுனெஸ்கோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் 1935இன் மூன்று சத முத்திரை காட்டுகிறது. ஒரு முத்திரைக்குக் குழுக்களும் கோப்புகளும் அத்தனை வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் தீவக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு அடுத்த முறை ஏதாவது அனுப்பும்போது, தபாலகத்தில் கட்டணச் சீட்டு வேண்டாம், படமுள்ள முத்திரை தாருங்கள் என்று கேட்டு வாங்கி ஒட்டுங்கள். செலவு பெரும்பாலும் அதேதான். இங்கே யாரோ ஒரு பிள்ளை அதை நீரில் ஊறப்போட்டு எடுக்கும்.