கறுப்புக் கம்பி

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவருக்கு உறவினர் கடிதங்களும் வேலையாகவே வந்து சேரும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் புனே நகரிலிருந்து நம் மைத்துனர் டில்லிக்கு அனுப்பிய உறை அத்தகையது. இருபது ஆண்டுகளாக மராட்டிய மண்ணில் வாழ்பவர் அவர். விடுமுறை நாட்களில் மகாபலேசுவரத்திற்கும் கொங்கணக் கரைக்கும் சென்று தங்குவதற்கென்று, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு டிரெய்லர் ஒன்றைத் தாமே கட்டிக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டம், இரண்டு சக்கரம், அதன் மேல் ஒட்டுப்பலகையால் ஓர் அறை. உள்ளே இருவர் படுக்க இடம். எஞ்சியிருந்தது மின்சார வேலை ஒன்றுதான். (பதிவு முதலிய சட்டக் காரியங்களை அவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தனியே கவனித்துக்கொண்டார், அது வேறு கதை.)

அவருக்கு உதவியாக வாய்த்தவர் சேலம் பக்கத்து இளைஞர். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவர். தமிழ் மட்டுமே படிப்பவர். மைத்துனரோ ஓர் அமெரிக்கக் கையேட்டைத் தேடிப் பிடித்து, அதில் பன்னிரண்டு பக்கங்களை நமக்கு அனுப்பி, "இதைத் தமிழாக்கிக் கொடுத்துவிடுங்கள், நாலு கம்பி விஷயந்தானே" என்று எழுதியிருந்தார். நாம் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவர். மின்சாரத்தைப் பற்றி அறிந்ததெல்லாம் மாதக் கட்டணம் ஒன்றுதான். எனினும் மூன்று மாலைப்பொழுதில் வேலையை முடித்து அனுப்பினோம். நடை சரளமாகவே அமைந்திருந்தது என்று ஒரு நிறைவும் கொண்டோம்.

நான்காம் நாள் அவ்விளைஞர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, சுவிட்சைக் கறுப்புக் கம்பியில் போடு என்று எழுதியிருக்கிறீர்கள். நியூட்ரலிலா சுவிட்ச் போடுவது?"

மூலத்தை எடுத்துப் பார்த்தோம். கறுப்பு என்றுதான் இருந்தது. மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்தும் பிழையில்லை. ஆனால் அவர் கேள்வி நம்மை விடவில்லை. விவரம் அறிந்தவர்களிடம் விசாரித்தோம். விசாரித்த பிறகு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அமெரிக்க வீடுகளில் மின்சாரம் வரும் கம்பி கறுப்பு. அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி வெள்ளை. நம் நாட்டு வீடுகளிலோ மின்சாரம் வரும் பேஸ் கம்பி சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றுள் ஒன்று, கறுப்புதான் நியூட்ரல், பச்சை எர்த். நாம் எழுதிக் கொடுத்தபடி இங்கே கறுப்பில் சுவிட்சை வைத்தால் என்ன ஆகும்? சுவிட்சை அணைத்தவுடன் விளக்கு அணையும். வேலை சரியாகவே நடப்பதாகத் தோன்றும். ஆனால் விளக்கின் ஹோல்டர் வரையில் 230 வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அணைத்தாயிற்று என்ற நம்பிக்கையில் பல்பைக் கழற்றப் போகிறவர் கையில்தான் அது தெரியவரும். சரளமான தமிழில் ஓர் ஆபத்தை எழுதி, கையொப்பமும் இட்டு அனுப்பியிருந்தோம்!

அதன் பிறகே இக்கலையின் அடிப்படையை அந்த இளைஞரிடமும் சில நூல்களிடமும் கற்கத் தொடங்கினோம். தாய்மொழி வழங்காத மாநிலங்களில், பிறர் மொழியில் அச்சான குறிப்புகளை நம்பி வேலை செய்யும் தமிழர் பலர் இருப்பதால், கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்தக் கறுப்புக் கம்பியையே எடுத்துக்கொள்வோம். இந்திய வீட்டில் அது நியூட்ரல். காரின் பாட்டரியில் அது எதிர்முனை. அமெரிக்க வீட்டில் அது உயிருள்ள கம்பி. அமெரிக்க டிரெய்லரைக் காருடன் இணைக்கும் ஏழு முனைப் பிளக்கில், பெரும்பாலும் அது காரிலிருந்து டிரெய்லரின் பாட்டரிக்குச் சார்ஜ் கொண்டுவரும் கம்பி. அங்கே திரும்பும் வழி வெள்ளை. ஐரோப்பிய டிரெய்லரின் ஏழு முனைப் பிளக்கிலோ, கறுப்பு என்பது இடப்பக்கத்துப் பின்விளக்கின் கம்பி! பிரிட்டனில் 2004 வரையில் கறுப்பு நியூட்ரலாக இருந்தது; அவ்வாண்டு வந்த புதிய முறையில் மும்முனை இணைப்பின் பேஸ் கம்பிகளுள் ஒன்றுக்குக் கறுப்பு நிறம் வழங்கப்பட்டது. 2006 வரை இரு முறைகளுக்கும் அங்கே இடமிருந்தது. ஒரே சொல்லுக்கு ஊருக்கொரு பொருள் உண்டென்பதை நம் தொழிலில் அன்றாடம் காண்கிறோம்; ஒரே நிறத்துக்கும் அப்படியே என்பதை அன்றுதான் கண்டோம்.

சொல்லிலும் ஓர் இடறல் நேர்ந்தது. பாட்டரியின் எதிர்முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்ப்பதையும், வீட்டின் பாதுகாப்புக் கம்பியை மண்ணில் சேர்ப்பதையும் அமெரிக்கர் ஒரே சொல்லால் குறிக்கின்றனர். நாம் இரண்டையும் 'தரை' என்றே எழுதிவிட்டோம். "டிரெய்லர் போகும் இடமெல்லாம் கடப்பாரை கொண்டு குழி தோண்ட வேண்டுமா, ஐயா?" என்று இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. முதலாவதற்கும் மண்ணுக்கும் ஒரு தொடர்புமில்லை. அது பாட்டரிக்குத் திரும்பும் பாதை மட்டுமே. அந்தப் பாதையும் இரும்பு உள்ள இடத்தில்தான் கிடைக்கும். சுவர்கள் மரப்பலகையாக இருப்பதால், ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு இழுப்பதே தக்கது.

இத்தகைய வண்டிகளுக்குள் பெரும்பாலும் ஓடுவது 12 வோல்ட் மின்சாரம். "பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால் ஷாக் அடிக்காது" என்பர். உலர்ந்த கையைப் பொறுத்தவரை அது உண்மை. ஆயினும் அதன் ஆபத்து ஷாக்கில் இல்லை, நெருப்பில் இருக்கிறது. 60 வாட் வேலையை 230 வோல்ட்டில் செய்ய ஏறத்தாழ கால் ஆம்பியர் போதும். அதே வேலையை 12 வோல்ட்டில் செய்ய 5 ஆம்பியர் ஓட வேண்டும். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும். கம்பியைச் சூடாக்குவது ஆம்பியரே. பெரிய பாட்டரி ஒன்றின் இரு முனைகளையும் ஸ்பேனர் ஒன்று தற்செயலாக இணைத்துவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு பழுக்கும். பாட்டரியில் கைவைக்கும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே பியூஸ் முக்கியம். பியூஸ் விளக்கைக் காப்பதற்கு என்று நாம் எண்ணியிருந்தோம். அன்று, அது கம்பியைக் காப்பதற்கு. கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால், கம்பி எரியுமுன் பியூஸ் எரிய வேண்டும். பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள கம்பிக்கு எந்தக் காவலும் இல்லையாதலால், தலைமைப் பியூஸைப் பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் வைக்க வேண்டும். நம் மைத்துனர் அதை அழகாகக் கதவருகே வைக்க எண்ணியிருந்தார், இளைஞர் இசையவில்லை. கிளைகளுக்குத் தனித்தனிப் பியூஸ். ஒன்றரை எம்.எம். கம்பிக்கு 10 ஆம்பியருக்கு மேற்பட்ட பியூஸ் இடாதிருப்பது நலம். அடிக்கடி எரிகிறதென்று பெரிய பியூஸைப் போடுகிறவர், காவற்காரன் சத்தம் போடுகிறான் என்று அவனை வேலையை விட்டு நீக்குகிறவர்.

கம்பியின் பருமனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல மின்பணியாளரும் இங்கே ஏமாறுகிறார். 'ஒன்றரை எம்.எம்.' என்று கடையில் கேட்பது ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு உள்ள செம்புக் கம்பியை. வீட்டு விளக்குக்கு அது தாராளம். டிரெய்லரின் முன்னால் பாட்டரி, ஆறு மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் இழுக்கும் சிறு குளிர்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். போக வரப் பன்னிரண்டு மீட்டர். அந்தக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0133 ஓம், மொத்தம் 0.16 ஓம். 5 ஆம்பியரால் பெருக்கினால் 0.8 வோல்ட். அதாவது 12 வோல்ட்டில் 0.8 வழியிலேயே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. பெட்டிக்குச் சேர்வது 11.2. பாட்டரியில் பாதிச் சக்தி இருக்கும்போதே, வோல்ட் குறைவு என்று பெட்டி நின்றுவிடக்கூடும். நான்கு எம்.எம். கம்பி போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறையும். அதே 60 வாட் பெட்டி 230 வோல்ட்டில் ஓடுமானால், மெல்லிய கம்பியிலும் இழப்பு 0.04 வோல்ட்தான், எவர் கண்ணிலும் படாது. வீட்டில் செல்லும் பழக்கம் வண்டியில் செல்லாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இன்னொன்று: ஓடும் வண்டி ஓயாமல் அதிரும். ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். மெல்லிழைகள் பல சேர்ந்த கம்பியே ஏற்றது. இரும்பில் துளையிட்டு நுழைக்குமிடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையேல் துளையின் விளிம்பு உறையை அறுத்துவிடும்.

பாட்டரிக் கணக்கு குடும்ப வரவு செலவு போன்றதே. 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பாட்டரியில் பாதியை மட்டும் செலவிட்டால் அது நெடுநாள் உழைக்கும். ஆகவே கையிருப்பு 50. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆறே கால். இரண்டு ஆம்பியர் மின்விசிறி எட்டு மணி நேரத்திற்குப் பதினாறு. கைப்பேசிகளுக்கு இரண்டு. இரவொன்றுக்கு ஏறத்தாழ 24. இரண்டு இரவுகள் நிம்மதியாகக் கழியும். குளிர்பெட்டி நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரமே ஓடினாலும் அதற்கு மட்டும் 40 வேண்டும். இக்கணக்கைக் கண்ட பின் மைத்துனர் குளிர்பெட்டியைக் கைவிட்டார். நம் தங்கைக்கு அதில் மனக்குறைதான். சார்ஜ் ஆகும்போது இத்தகைய பாட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கசியலாம். அதனால் பாட்டரிப் பெட்டிக்கு வெளிக்காற்று வழி விட்டார்கள்.

தங்குமிடத்தில் 230 வோல்ட் எடுத்து உள்ளே கொண்டுவருவது வேறு வகை. ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டியில், பழுதடைந்த கம்பி ஒன்று இரும்புச் சட்டத்தைத் தொட்டால் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரமண்ணில் நின்று கதவுப்படியைத் தொடும் குழந்தை வழியாகத்தான் அது மண்ணைத் தேடும். எனவே சட்டத்தை எர்த் கம்பியோடு பிணைக்க வேண்டும். நுழைவாயிலிலேயே 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேண்டும், போன மின்னோட்டமும் திரும்பியதும் சமமா என்று பார்த்துக்கொண்டேயிருந்து, வேறுபாடு கண்டவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் வகையே வாங்க வேண்டும். நம் மூன்று துளைச் சாக்கெட்டை நேரே நோக்கினால் மேலே எர்த், வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல் இருக்க வேண்டும். எல்லா விடுதியிலும் அப்படியே இருக்கிறதென்று நம்புவதற்கில்லை. இந்தப் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பிறகே மைத்துனர் பயன்படுத்தினார்.

பழைய பன்னிரண்டு பக்கங்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். இம்முறை நிறத்தின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. 'மின்சாரம் வரும் கம்பி', 'திரும்பும் கம்பி', 'பாட்டரி நேர்முனை', 'மண்ணில் சேரும் எர்த்' என்று, ஒவ்வொன்றும் செய்யும் வேலையைக் கொண்டே குறித்தோம். அனுப்பு முன் இளைஞரிடம் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினோம்; அவர் மூன்று இடங்களில் திருத்தினார்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு படம் வந்தது. பியூஸ் பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் வெள்ளை நாடா சுற்றி, பேனாவால் தமிழில் எழுதியிருக்கிறார்: 'விசிறி - போக', 'விசிறி - வர', 'படுக்கை விளக்கு - போக'. ஒரு முனையில் மட்டும், எழுத இடம் போதாமையால், எழுத்துகள் நாடாவைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போயிருக்கின்றன.