கச்சானும் டித்வாவும்: ஒரு மழைக் கொப்பியிலிருந்து

சீனன்குடாவில் ஜூன், ஜூலை மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு முற்றத்தில் நிற்க முடியாது. கந்தளாய்ப் பக்கமிருந்து கச்சான் வீசும். கொடியில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், உதடு வெடிக்கும். சென்ற வருடம் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மாமா, "பாலைவனத்த விட்டுட்டு வந்தா இங்கயும் அதே காத்துத்தான்" என்று சலித்துக்கொண்டார். அப்படிக் காயும் நாட்களிலும் மேற்கு வானத்தில் வெள்ளை வெள்ளையாய்த் திரள்முகில்கள் குவிந்து நிற்கும். மழை மட்டும் வராது. ஏன் வராது என்ற கேள்வியோடுதான் நான் ஒரு கொப்பியில் வானத்தை எழுதத் தொடங்கினேன்.

விடை எங்கள் புவியியல் பாடத்திலேயே இருந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைநாட்டில் ஏறுகிறது. ஏறும் காற்று குளிர்ந்து, தன் நீரை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. முகில் உண்டாகும்போது 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ்தான் குளிரும். ஆனால் ஈரத்தை இழந்து எங்கள் பக்கம் இறங்கும்போது அதே 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை சூடேறும். போன காற்றைவிட வந்த காற்று சூடாக இருப்பது இதனால்தான். நாங்கள் மேற்கில் பார்க்கும் முகில் அநேகமாக வேறு யாருக்கோ பெய்கிற மழை.

கொப்பியோடு ஒரு மழைமானியும் செய்தேன். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்தால் போதும். அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்தால் அதுவே மில்லிமீற்றர். தினமும் காலை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். இதில் கஷ்டமே அதுதான், குறிப்பாகப் பரீட்சை நாட்களில். ஜூலைப் பக்கங்களில் பூச்சியம், பூச்சியம் என்றே இருக்கும். எழுதச் சலிப்பாக இருந்தாலும் பூச்சியமும் ஓர் அளவுதான்.

நவம்பர் கடைசி வாரத்தில் கிழக்கே பட்டணப் பக்கமிருந்து படைமுகில் வானத்தை மூடியது. வழமையான வாடை மழை என்றே எழுதினேன். நவம்பர் 28இல் டித்வா சூறாவளி கிழக்குக் கரையில் ஏறியது. அந்தப் பெயரைக் கொடுத்த நாடு யெமன். சொகொத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயர் அது. வறண்ட தீவொன்றின் பெயரோடு வந்த சூறாவளி நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதிகமானோர் இறந்தது மலைநாட்டு மண்சரிவுகளில். அங்கே பெய்த மழை மகாவலி வழியாக எங்கள் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. நவம்பர் 30இல் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, வெருகல், சேருவில பக்கத்து மக்கள் இரவோடு இரவாக இடம்பெயர்ந்தார்கள். தலைக்கு மேல் முகில் கலைந்த பிறகும் வெள்ளம் வரும் என்பதை அந்த வாரம் படித்தோம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு ஒரு வாக்குவாதமும் சேர்ந்துகொண்டது. "இது காலநிலை மாற்றம்தான்" என்று நானா உறுதியாகச் சொன்னான். கடலுக்குப் போகிற வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அறுபத்தி நாலிலயும் அடிச்சது, எழுபத்தெட்டிலயும் அடிச்சது. அப்ப ஆருடா இந்தக் கதை கதைச்சது?"

வாப்பா சொன்னது உண்மை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் அங்கே போனது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறையாடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வங்காள விரிகுடாவில் சூறாவளி புதிதல்ல. ஆனால் விஞ்ஞானிகள் இன்று கேட்கும் கேள்வி "சூறாவளியை உண்டாக்கியது எது?" என்பதல்ல.

இதை எனக்கு விளங்கவைத்தது எங்கள் உம்மாதான். உம்மாவுக்குச் சீனி வருத்தம். போன வருடம் காலில் முள் குத்தி, சிறு புண் இரண்டு மாதம் ஆறாமல் கிடந்தது. முள் குத்தியதற்குச் சீனி காரணமா? இல்லை. புண் பெருத்ததற்கு? ஆம், அதில் ஒரு பங்கு. எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கணக்கிடுவதே காரணப் பங்கீடு. 2003இல் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையைப் பற்றி 2004இல் வந்த ஆய்வு இத்துறையின் முன்னோடி. மனிதச் செயல்களால் அத்தகைய வெப்பத்துக்கான வாய்ப்பு குறைந்தது இருமடங்காகியிருக்கலாம் என்றது அது. இப்போதைய உலகையும், சூடேறாத உலகு ஒன்றையும் கணினியில் ஓடவிட்டு, பழைய அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அடிப்படை பௌதிகம் எளிது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். உலகம் இதுவரை ஏறக்குறைய 1.3 பாகை சூடேறியிருக்கிறது. அப்படியென்றால் மழை சுமார் 9 சதவீதம் கனத்திருக்க வேண்டும். டித்வாவை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று டிசம்பரில் வெளியிட்ட முடிவோ, இலங்கையில் இத்தகைய ஐந்துநாள் கனமழை 28 முதல் 160 சதவீதம் வரை கனத்திருப்பதாக அளவீடுகளிலிருந்து கண்டது. 28 எங்கே, 160 எங்கே! கணினி மாதிரிகளும் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆகவே வெப்பமாதலின் பங்கு இவ்வளவுதான் என்று ஒரே எண்ணாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அவ்வருடத்து லா நினா நிலையும் மழையைக் கூட்டியிருக்கிறது என்றார்கள்.

நானா 160ஐ மட்டும் பிடித்துக்கொண்டான். வாப்பா மாதிரிகள் ஒத்துப்போகாததை மட்டும். எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது. மழை கனத்துவருகிறது என்பதை அந்த அறிக்கை சந்தேகிக்கவில்லை. எவ்வளவு என்பதில்தான் தடுமாறியது. தீவு சிறிது, மலைகள் செங்குத்து; பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரிக்கு எங்கள் மலைச் சரிவு சரியாகத் தெரியாது. மிக அபூர்வமான மழையைக் கணக்கிட நீண்டகாலப் பதிவும் வேண்டும். சரிவான நிலத்தில் வீடு கட்டியதும், வடிகாலை மூடியதும் எந்தப் பாகைமானியிலும் வராது. அவையும் பங்குகள்தான்.

இவ்வளவு பேசிய பிறகு என் கொப்பியைத் திறந்து, டித்வா நாட்களில் இங்கே எவ்வளவு பெய்தது என்று காட்டப் போனேன். நவம்பர் 27க்கும் 28க்கும் நேரே எண் இல்லை. காற்றில் போத்தல் உருண்டு வேலிக்குள் கிடந்தது. பூச்சியங்களையெல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். தேவையான இரண்டு நாட்கள் மட்டும் வெறுமை.

வாப்பா சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, கிணற்றுக் கட்டோடு ஒரு குழாயைச் சீமெந்து பூசி நிறுத்தி, போத்தலை அதற்குள் இறுக்கி வைத்துத் தந்தார். "இனி விழாது. எழுது புள்ள" என்றவர், உள்ளே போகும்போது நானாவைப் பார்த்து, "அறுபத்தி நாலிலயும் அடிச்சதுதான்" என்று மறுபடி சொன்னார்.