ஊருக்கெல்லாம் ஒரு கூடம்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் பலர் எட்டிப் பார்க்காமலேயே திரும்பிவிடும் இடம், கிராமத்து ‘பப்’. அந்தச் சொல்லைக் கேட்டதும் கிளார்க் கீயின் வண்ண விளக்குகளும் காதைப் பிளக்கும் இசையும்தான் நினைவுக்கு வருகின்றன. குடும்பத்தோடு போகும் இடமல்ல என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு என் பெற்றோருடன் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். பெரும்பாலான நாள்களில் மதிய உணவு பப்பில்தான். அம்மா மதுவைத் தொடாதவர், மாட்டிறைச்சியும் உண்ணமாட்டார். அப்படியிருந்தும் அந்த இடங்கள் எங்கள் மூவரில் அவருக்குத்தான் அதிகம் பிடித்துப்போயின.

‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கமே பப். பொதுவீடு என்று சொல்லலாம். உள்ளே நுழைந்தால் பெயர் பொருத்தம் புரியும். தாழ்ந்த கூரை, கறுத்த மர உத்தரங்கள், குளிர்காலமென்றால் எரியும் கணப்பு, அதன் முன்னே காலை நீட்டிப் படுத்திருக்கும் நாய். சேறு படிந்த காலணியோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் பேரப்பிள்ளைகளோடு வந்த பாட்டிகளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். இசை இருந்தாலும் பேச்சை அமுக்காது.

கேட்டு வாங்கும் முறை

பெரும்பாலான பப்புகளில் மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு நீங்களே முகப்புக்குச் சென்று சொல்லிப் பணம் கட்ட வேண்டும். அங்கே வரிசை தெரியாது. ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பது நிற்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். கையை ஆட்டி அழைப்பது மரியாதையல்ல. நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு சுற்று என்று முறைவைத்து எல்லாருக்கும் வாங்குவது வழக்கம்.

வெளிப்பலகையில் ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்றிருந்தால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். குறிப்பிட்ட மது ஆலை எதற்கும் கட்டுப்படாத பப் என்பதே அதன் பொருள்.

பல கிராமத்து பப்புகளில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். மூன்று மணிக்குப் போனால் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்தான் கிடைக்கும்.

தட்டில் வருவது

ஞாயிற்றுக்கிழமை என்றால் ‘சண்டே ரோஸ்ட்’. அடுப்பில் வாட்டிய இறைச்சி, மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, காய்கறிகள், மேலே சூடான கிரேவி. கூடவே வரும் யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பல்ல. மாவும் முட்டையும் பாலும் கலந்து, கிண்ணம்போல் உப்பச் சுட்டது. மற்ற நாள்களில் பை, மீனும் சிப்ஸும், ரொட்டி, சீஸ், ஊறுகாய் அடங்கிய ‘ப்ளவ்மன்ஸ் லஞ்ச்’ ஆகியவை கிடைக்கும்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கோழியோ ஆட்டிறைச்சியோ கேட்டால் மட்டும் போதாது. கிரேவி எதில் செய்தது, புட்டிங்கும் சிப்ஸும் மாட்டுக்கொழுப்பில் வெந்தவையா என்றும் கேளுங்கள். குறிப்பாக இங்கிலாந்தின் வடபகுதியில் அந்தப் பழக்கம் உண்டு. நாங்கள் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் சமையலறைக்குச் சென்று விசாரித்து வந்து சொன்னார்கள். சைவர்களுக்குப் பருப்பு, கொட்டை வகைகளால் செய்த ‘நட் ரோஸ்ட்’ பல இடங்களில் கிடைக்கிறது.

அம்மாவுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த சோடா. காரோட்டிய எனக்கும் அதுவே. அப்பா மட்டும் உள்ளூர் ‘ஏல்’ கேட்டார். ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர். அரை பைண்டும் கேட்கலாம். பீப்பாய்க்குள் இருக்கும்போதே தொடர்ந்து நொதிக்கும் பியர் இது. நிலவறையில் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸில் வைத்திருந்து, கைப்பம்பால் இறைத்துத் தருகிறார்கள். பனிக்கட்டிபோல் குளிர்ந்த பியருக்குப் பழகியவர்களுக்கு முதல் மிடறு வியப்பாக இருக்கும்.

வராத நாள்

அந்தப் பீப்பாய்க்குள் ஒரு கவலையும் இருக்கிறது. திறந்துவிட்டால் சுமார் மூன்று நாளில் விற்றாக வேண்டும். பிறகு சுவை கெட்டுவிடும். வாடிக்கையாளர் குறைந்தால் முதலில் ஏல் போகும், பின்னர் சமையல் போகும், கடைசியில் கதவும் மூடும். பேரங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் மது, ஏறிய எரிசக்திக் கட்டணம், வரி என்று பல சுமைகளால் ஆண்டுதோறும் பல பப்புகள் மூடப்படுகின்றன.

அதனால் என்ன இழப்பு என்பதை ஒரு மாலையில் கண்டேன். முதியவர் ஒருவர் தனியாக வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அரை பைண்ட் ஊற்றப்பட்டுவிட்டது. அவர் போன பிறகு பப் நடத்தும் பெண்மணியிடம் பேச்சுக்கொடுத்தேன். “மனைவி இறந்ததிலிருந்து தினமும் வருகிறார். ஒருநாள் வராவிட்டால் நான் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பேன்,” என்றார்.

பிரிட்டனின் மிக உயரமான பப் என்று பெயர்பெற்ற டான் ஹில் இன், கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2021 நவம்பரில் பனிப்புயலால் சாலைகள் அடைபட்டபோது, அங்கு வந்திருந்த ஏறத்தாழ 60 பேர் மூன்று இரவுகள் அங்கேயே தங்கி உண்டார்கள், பாடினார்கள்.

இதன் அருமை தெரிந்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பதில்லை. கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தினர் 2003ல் கூட்டுறவு அமைத்துத் தங்கள் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பை வாங்கினார்கள். 2011ல் வந்த சட்டத்தின்படி, இங்கிலாந்தில் ஒரு பப்பைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிட ஊரார் விண்ணப்பிக்கலாம். அப்படிப் பட்டியலிடப்பட்டது விற்பனைக்கு வந்தால், பணம் திரட்ட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

அடுத்த முறை இங்கிலாந்து சென்றால் ஒரு நாளை நகருக்கு வெளியே ஒதுக்குங்கள். காலையில் வயல்வெளிப் பாதையில் நடந்துவிட்டு, பசியோடு ஒரு பப்புக்குள் நுழையுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம்; நேரக் கட்டுப்பாடு உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மது வேண்டாமென்றால் சோடா போதும். நீங்கள் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டின் பணம், அந்த முதியவர் நாளைக்கு வந்து உட்காரும் நாற்காலிக்கும் சேர்த்துத்தான்.